சிங்கப்பூர் அடித்த கோல்

சிங்கப்பூர்க்காரன் அடித்தது அழகான கோல். அப்பா கை தட்டிவிட்டார்.

அவ்வளவுதான் நடந்தது. எழுபதுகளில், ஈப்போவுக்கு வெளியே, எங்கள் ரப்பர்த் தோட்டத்து மண்டபத்தில். ஒரு கோப்பைக்காக மலேசியாவும் சிங்கப்பூரும் மோதிக்கொண்டிருந்த காலம். தோட்டத்துக்கே ஒரு தொலைக்காட்சி. பாயில் நாங்கள். முன்னே நாற்காலிகளில் கணக்குப் பார்க்கும் கிராணியும், அவர் அழைத்து வந்த பெங்குலுவும், அதாவது வட்டாரத் தலைவர்.

அப்பாவின் சட்டைப்பையில் சிவப்பு அடையாள அட்டை, குடியுரிமை இல்லாதவர்களுக்கானது. பிறந்தது சிங்கப்பூரில், கைக்குழந்தையாக இங்கே வந்து, பால்மரம் வெட்டியே நரைத்தவர். குடியுரிமைக்கு மனுப் போட்டிருந்தார். இந்த நாட்டுக்கு விசுவாசமானவர்தான் என்று பெங்குலு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் வேலை பெர்மிட் போகும். வேலை போனால் தோட்டம் தந்த லயத்து வீடும் போகும்.

"என்னாண்ணே, எந்த நாட்டுக்கு ஆடுறீங்க?" பின்னாலிருந்து ஒருவர்.

"கொசு அடிச்சாருலா," என்றாள் அம்மா.

"ஒரு கொசுவுக்கு மூணு தட்டா, அக்கா?"

மண்டபமே சிரித்தது. தமிழ் தெரியாத பெங்குலு திரும்பி, என்ன சிரிப்பு என்று கேட்டார். கிராணி அவர் காதருகே குனிந்தார். உதடு அசைந்தது, சொல் கேட்கவில்லை. பெங்குலு அப்பாவைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு மலேசியா கோல் அடித்தது. எல்லோரும் ஓய்ந்த பின்னும் அப்பா தட்டிக்கொண்டே இருந்தார். அந்தச் சத்தம்தான் எனக்கு இன்னும் அதிகப் பயத்தைத் தந்தது.

அதற்குப் பிறகு லயத்தில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே, பெங்குலுவோ என்று அம்மா அடுப்பை விட்டு வாசலுக்கு வருவாள். காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது கிராணி சற்றே நிறுத்தினால் அப்பாவுக்கு மூச்சு நிற்கும். பெங்குலுவிடம் என்ன சொன்னீர்கள் என்று கிராணியிடம் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. கேட்டால் ஞாபகப்படுத்தியதாகிவிடுமே.

குடிமகனுக்கான நீல அட்டை வந்தது. பயம் மட்டும் போகவில்லை.

எண்பதுகளில், ஈப்போவுக்குக் குடிவந்த பிறகு ஒருநாள் சொன்னேன்: "அந்தக் கோப்பைய நிப்பாட்டிட்டாங்களாம்பா."

"நல்லதா போச்சு," என்றார். கை தானாகச் சட்டைப்பையைத் தொட்டது.

அன்று மாலை ஏதோ உள்ளூர் ஆட்டம், எங்கள் பேரா மாநிலமும் இன்னொன்றும். கூடத்தில் அவர் மட்டும். இடதுகாலால் ஒருவன் வளைத்து அடித்தான், கோல். அப்பாவின் கைகள் எழுந்தன. நின்றன. யார் அடித்தது என்று திரையில் வரும்வரை காத்திருந்தார்.

பேராதான். அப்புறம்தான் தட்டினார்.