கொதிக்காதவரின் ரத்தக் கொதிப்பு

எங்கள் வீட்டில் சத்தம் போடுவது நான். பிரிக்பீல்ட்ஸில் நான் வேலை பார்க்கும் சேலைக் கடையில் கேட்டாலும் அதையேதான் சொல்வார்கள். என் கணவர் வாயைத் திறப்பதே சாப்பிடத்தான். கோயில் மண்டபத்தில் இலவசப் பரிசோதனை என்றதும், ரத்தக் கொதிப்பு எனக்குத்தான் என்று முடிவு கட்டிக்கொண்டு போனேன். அவர் துணைக்கு வந்தார்.

எனக்கு ஒன்றும் இல்லை. பக்கத்து நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்த என் கணவருக்குத்தான் நர்ஸ் இரண்டாம் முறையும் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றினாள்.

"ரொம்ப ஹை அங்கிள். இன்னிக்கே கிளினிக் போங்க. உலகம் பூரா இப்படித்தான், நிறைய பேருக்கு இருக்கிறதே தெரியறதில்ல. ஸ்ட்ரோக் வந்தாதான் தெரியுது."

"மெஷின் ஆள் மாத்திடுச்சு லா," என்று அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கிளினிக்கில் மாத்திரை கொடுத்தார்கள். அன்றிலிருந்து என் மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. அவருக்கு பிரஷர் ஏறக்கூடாதென்று வீட்டில் முடிந்தவரை வாயைக் கட்டிக்கொண்டேன். அவர் கொமுட்டர் ரயிலில் கிள்ளானுக்கு வேலைக்குப் போகிறவர். போன் எடுக்காவிட்டால் எடுக்கும்வரை அடித்துக்கொண்டே இருப்பேன். பச்சைச் சேலை கேட்டவர்களுக்கு நீலத்தை விரித்துப் போட்டேன்.

மறுபடி பார்த்தபோது அளவு இறங்கவே இல்லை. வீட்டில் மாத்திரை அட்டைகள் பெரும்பாலும் அப்படியே கிடந்தன.

"ஏன் சாப்பிடல?"

"நீ சண்டை போட்ட நாள்ல சாப்பிட்டேனே. இப்பதான் நீ சண்டையே போடறதில்ல. எனக்கு எங்க கொதிக்குது?"

இதற்குக் கொதிப்பு என்று பெயர் வைத்தவன் மட்டும் என் கையில் கிடைக்க வேண்டும். நான் விளக்கினேன், டாக்டர் விளக்கினார். அவர் தலையை ஆட்டினார், மாத்திரை மட்டும் குறையவில்லை. சண்டைதானே வேண்டும் என்று மறுநாள் காலையிலிருந்து ஆரம்பித்தேன். ஈரத்துண்டு, செருப்பு, அவருடைய தங்கை என்று எது அகப்பட்டாலும் பிடித்துக்கொண்டு கத்தினேன். கோபமே இல்லாமல், முழுக்கப் பயத்தில் கத்தினேன். அவர் மாத்திரையை விழுங்கிவிட்டுக் கிளம்புவார்.

போன வாரம் எனக்குத் தொண்டை கட்டிக் குரலே வரவில்லை. அடுப்படியில் செய்வதறியாமல் நின்றேன். வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். ஒரு கையில் மாத்திரை, மறு கையில் தண்ணீர்.

"ரயிலுக்கு நேரமாச்சு," என்றார். "மெதுவாவாச்சும் ஏதாவது திட்டு."