பத்தாவது நாற்காலி

"அந்தப் பக்கம் சாயாதீங்க சார், வரிசை வளையுது," என்று முன்னால் நிற்பவரின் முழங்கையைத் தொட்டு நேராக்குகிறார் வரிசைக்காரர். தெரு அவருக்கு வைத்த பெயர் அது. சினிமாக் கொட்டகை வாசலில் முப்பது வருஷம் டிக்கெட் கிழித்த கை சும்மா இருக்குமா? பள்ளிக்கூட ஹாலில் தடுப்பூசி போடுகிறார்கள் என்றதும், யாரும் கூப்பிடாமலே வந்து டோக்கன் கட்டை வாங்கிக்கொண்டார்.

நடுவில் புகுகிறவர்களின் தந்திரம் அத்தனையும் அவருக்கு அத்துப்படி. "என் தம்பி முன்னாடி நிக்கிறான்", "ஒரு சந்தேகம் மட்டும் கேட்டுட்டுப் போறேன்" எல்லாம் அவரிடம் பலிக்காது. காரில் வந்திறங்கிய பெரிய மனுஷர் ஒருவரையே, "வாங்கய்யா, நூத்திப் பன்னெண்டு உங்களுது. அந்த நிழல்ல நில்லுங்க," என்று கடைசிக்கு அனுப்பினார். தெருவே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

ஒரே ஒரு ஆள் விஷயத்தில்தான் வரிசையை அவரே கலைப்பார். ஒரு குப்பியில் பத்துப் பேருக்கு மருந்து. அன்றைய கடைசிக் குப்பிக்குப் பத்துப் பேர் உட்கார்ந்த பிறகு யாராவது மூச்சிரைக்க வந்து நின்றால், அவர் கண் தன் மனைவியைத் தேடும். "நம்ம வீட்டு ஆளுதானே, நீ எழுந்திரு. நாளைக்குப் போட்டுக்கலாம். நாலு பேரு ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாது பாரு." இளைப்புக்காரி அவள். பையை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் எழுந்து போவாள். நாலு நாள் இப்படி. ஐந்தாம் நாள் அவர் வீட்டுக்குப் போனபோது அவள் கையில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"நீங்க வாசல்ல இருந்தப்போ போட்டாச்சு," என்றாள்.

"வலிக்குதா?"

"லேசா."

முகாமின் கடைசி நாள், சாயங்காலம். ஒன்பது பேர் காத்திருந்தார்கள். "இன்னும் ஒருத்தர் வரட்டும், குப்பியைத் திறந்துடலாம். மருந்து வீணாகக் கூடாது," என்றார் நர்ஸம்மா. "போடாதவங்க யார் இருக்காங்கன்னு பதிவேட்டைப் பாருங்க, போன் பண்ணுவோம்."

வரிசைக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு புரட்டினார். ஒரு வரியில் விரல் நின்றது. மனைவியின் பெயர். எதிரே நாலு டோக்கன் எண்கள். நாலையும் அவரே பேனாவால் அடித்திருந்தார். ஊசி போட்டதற்கான கட்டம் காலியாக இருந்தது.

"நர்ஸம்மா... இங்க டிக் விட்டுப்போச்சு."

"விட்டுப்போகலை. நீங்க நாலாவது தடவை எழுப்பி அனுப்பினப்புறம் அவங்க வரவே இல்ல. ஊருக்கெல்லாம் நியாயம் பேசுறீங்களே, அந்தம்மா இந்த ஊர்ல இல்லையா?"

அந்தப் பஞ்சு? அந்த 'லேசா'? வரிசைக்காரர் செருப்பைக்கூடத் தேடாமல் எதிர்ச்சாரியில் இருக்கும் வீட்டுக்கு ஓடினார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அடிப்பாவி! பஞ்சை ஒட்டிக்கிட்டு என்னையே ஏமாத்தினியே! இளைப்பை வச்சுக்கிட்டு... உனக்கு ஏதாவது ஆகியிருந்தா?"

"வேற என்ன பண்ணச் சொல்றீங்க?" அவள் நிமிரவில்லை. "நாலு தடவை எல்லாரும் பார்க்க எழுப்பி விட்டீங்க. அஞ்சாவது தடவை எழுந்திரிக்க எனக்கு வெட்கமா இருந்துச்சு."

"வா" என்றார்.

பத்தாவது நாற்காலியில் அவளை உட்கார வைத்தார். நர்ஸம்மா குப்பியைத் திறந்தார். ஒவ்வொருவராகப் போட்டுக்கொண்டு போனார்கள். ஒன்பதாவது ஆள் எழுந்தபோது வாசலில் ஒருவர், ஹெல்மெட்டைக் கழற்றியபடி மூச்சு வாங்க நின்றார். "அண்ணே, இன்னும் ஒண்ணு இருக்குமா?"

வரிசைக்காரர் வாயைத் திறக்கவில்லை. அதற்குள் அவள் பையைக் கையில் எடுத்துக்கொண்டு பாதி எழுந்துவிட்டாள்.

அவர் இரண்டு கையையும் அவள் தோள்மேல் வைத்து அழுத்தி உட்கார்த்தினார். ஊசி ஏறி முடியும்வரை எடுக்கவில்லை.