கதவுக்குப் பின்னால் அமுதவல்லி

இது நடந்தது. எங்கள் குடும்பத்தில் கதை கட்டும் பழக்கம் யாருக்கும் கிடையாது. காய்ச்சல் மயக்கத்தில் அண்ணன் உளறினார் என்று ஊரில் சிலர் பேசுகிறார்கள். என் அண்ணன் மாதேஸ்வரன் மயக்கத்தில் வாக்குக் கொடுக்கிறவர் அல்ல.

கொரோனாவின் இரண்டாவது அலை. காரிமங்கலத்தை அடுத்த எங்கள் ஊரில் அண்ணன் காய்ச்சலோடு வீட்டில் தனியாக அடைபட்டிருந்தார். எட்டு மாதக் கர்ப்பிணியான மருமகள் அமுதவல்லி, தருமபுரி ஆஸ்பத்திரி ஒன்றில் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தாள். அவள் கணவன், அண்ணன் மகன் குரு அங்கே வாசலில் காத்திருந்தான்.

அமுதவல்லியின் தாய் பெரியம்மாளுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. கல்யாணப் பந்தியில் ஒரு சொல் தடித்துப்போனது. அன்றிலிருந்து சம்பந்தி வீட்டார் நம் வாசல் மிதிக்கக் கூடாது என்பது அண்ணன் கட்டளை. வளைகாப்புக்கும் அழைக்கவில்லை. பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கும் அனுப்பவில்லை. அமுதவல்லி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

எங்கள் வீட்டில் மருமகள் மாமனார் எதிரே நிற்கமாட்டாள். கதவுக்குப் பின்னால் நின்றுதான் பேசுவாள். மாமனாரும் திரும்பிப் பார்க்கமாட்டார். அது மரியாதை.

அன்று உச்சிவேளை. கரண்ட் இல்லை. அண்ணன் சுவர்ப்பக்கம் முகம் வைத்துப் படுத்திருந்தார். வெளியே மாடு அசைபோடுவதை நிறுத்தியது.

ஸ்ஸ்... ஸ்ஸ்...

சமையலறைக் கதவுப் பக்கம். காற்று கசிவது போல. கூடவே ஆஸ்பத்திரி நெடி.

"மாமா."

"அமுதாவா? எப்பம்மா வந்த? குரு ஒண்ணும் சொல்லலயே."

"பொண்ணு பொறந்திருக்குதுங்க மாமா."

அண்ணனுக்கு மனம் குளிர்ந்தது. ஆம்புலன்சில் ஏறும்போது சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்கியவள், இப்போது தடங்கலே இல்லாமல் பேசினாள்.

ஆனால்... மூச்சே விடாமல் பேசினாள்.

"எங்கம்மாவ வூட்டுக்குள்ள வுடுங்க மாமா. புள்ளைய அவங்க கையில குடுங்க."



திரும்பிப் பார்க்கத் தோன்றியது.

பார்க்கவில்லை.

"சரிம்மா," என்றார் சுவரைப் பார்த்தபடி.

ஸ்ஸ்...

நின்றது.

எழுந்து போனார். யாரும் இல்லை. தெருக்கதவு உள்ளே தாழிட்டபடி இருந்தது.

போன் அடித்தது. குரு.

"அப்பா... அமுதா போயிட்டாப்பா. ஆபரேசன் பண்ணி..."

"பொண்ணு. தெரியும்டா."

"யாருப்பா சொன்னது? இப்பதான எனக்கே சொன்னாங்க."

காலையிலிருந்தே அவள் தொண்டையில் குழாய். ஒரு சொல் பேச வழியில்லை. முகத்தைக் கடைசியாகப் பார்க்க எங்களுக்குக் கிடைக்கவில்லை. பையில் பொதிந்தபடியே அடக்கம் முடிந்தது.

பெரியம்மாளுக்குச் சொல் என்றார் அண்ணன். குரு கூப்பிட்டபோது அவள் போனை எடுக்கவில்லை. பால் வண்டியில் ஏறி, சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றாள். கையில் குழந்தைக்கான பழைய புடவைத் துணி.

குழந்தை தேறிய பிறகு, அதைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தாள். அண்ணனே கதவைத் திறந்தார்.

"உள்ள வாம்மா. அன்னிக்கு உனக்கு யாரு சொன்னது?"

"அமுதாதாங்க. உச்சிப்பொழுதுல எங்கூட்டு வாசல்ல வந்து நின்னா. 'மாமா சரின்னுட்டாங்க, போய்ப் புள்ளைய வாங்கிக்கம்மா'ன்னா."

அந்தச் 'சரி' அண்ணனையும் சுவரையும் தவிர யாருக்கும் தெரியாது.

"கதவுக்குப் பின்னாலயா நின்னா?"

"இல்லீங்க. எதிர்லயே நின்னா."

 அண்ணன் ஒன்றே ஒன்று கேட்டார்.

"மூஞ்சி எப்படிம்மா இருந்துச்சு?"