களைக்கு ஒரு சீட்டு

மலாயாவில் நியாலாஸ் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தின் கேட்டில் காலைச் சோதனை நடக்கிறது. அவசரகாலச் சட்டப்படி, முள்கம்பி வேலியைத் தாண்டி ஒரு பிடி சோறுகூட வெளியே போகக்கூடாது. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்ட் போராளிகளுக்குப் போய்விடுமாம்.

பெண்களைச் சோதிக்கும் ஆரோக்கியம் அக்கா என் பையைத் திறக்கிறார். செய்தித்தாள் மடிப்புகளில் இருபது வகைச் செடிகள். தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குப் பின்னால் ஒரு பாய் அகல நிலத்தில் நான் பறித்தவை. பலவகைச் செடி நிற்கும் நிலம் மழையில் மண்ணை விடாது. என் ஆராய்ச்சியே அதுதான். தோட்டத்தை நடத்தும் துரைக்கு அதெல்லாம் களை. நாளை அங்கே மண்வெட்டி இறங்கப்போகிறது.

அக்கா ஆறு செடிகளைத் தனியே எடுத்து வைக்கிறார்.

"இதெல்லாம் கீரை லா. வெளிய விடமாட்டேன்."

"வெறும் களைதான், அக்கா."

"களையா? வல்லாரை, பருப்புக்கீரை, மணத்தக்காளி... ரேஷன் அரிசி பத்தாத நாள்ல இதுதான்மா எங்க கொழம்பு."

அவர் சொல்வது சரி. நான் களை என்றது துரையின் வார்த்தை. என் வாயில் எப்படி வந்ததோ!

"அப்போ நீங்களே வெச்சுக்குங்க. பிடிச்சு வெச்சதுக்குச் சீட்டு தருவீங்கல்ல?"

அக்கா என்னை ஒருமுறை உற்றுப் பார்க்கிறார். பிறகு சிரித்துக்கொண்டே அழுத்தி எழுதுகிறார்: 'உணவுப் பொருள், ஆறு வகை.' காவலர் தோட்டத்து முத்திரையைக் குத்துகிறார்.

சீட்டை மடித்துக்கொண்டு நேரே துரையின் பங்களா மேட்டில் ஏறுகிறேன். தன் தோட்டத்து முத்திரையே உணவு என்று சொன்னதை அவர் களை என்று வெட்டட்டும், பார்க்கலாம்.