கறவை மாட்டு விலைக்கு ஒரு பட்டன் போன்

என் கையிலிருந்த போனைப் பார்த்துவிட்டுத் திருச்சுழி பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர் ஒருநாள் டீக்குக் காசு வாங்க மறுத்தார். "இருக்கட்டும் சார், கஷ்டம் எல்லாருக்கும்தான்" என்றார். எனக்கு முதலில் விளங்கவில்லை. இந்தப் பக்கத்தில் பட்டன் வைத்த போன் என்றால் வயதானவர்களும் டச் போன் வாங்க முடியாதவர்களும் வைத்துக்கொள்கிற மலிவுச் சாமான். பத்து வருஷமாக டச் போனைத் தேய்த்துக்கொண்டிருந்த ரிப்போர்ட்டர் பட்டனுக்கு இறங்கிவிட்டாரே என்று அவருக்குப் பாவமாகிவிட்டது. அதன் விலை ஒரு நல்ல கறவை மாட்டின் விலை என்று நான் சொல்லியிருந்தால் பாவப்பட்ட முகத்தோடேயே சிரித்திருப்பார். சொல்லவில்லை. டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

விவரம் தெரிந்தவர்கள் வேறு மாதிரி. போனை வாங்கிப் புரட்டிப் பார்ப்பார்கள், பட்டன்களை இரண்டு தட்டுத் தட்டுவார்கள், பிறகு "கொடுத்த காசுக்குத் தகுமா?" என்பார்கள். வக்கீல்கள் இரண்டு பேர் கேட்டார்கள். வங்கியில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். நாள் முழுக்க எதையாவது தட்டிக்கொண்டே பிழைக்கிறவர்களுக்கு அது நியாயமான கேள்விதான். ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு பதிலைச் சொல்லித் தப்பித்தேன்.

நான் ஒரு நாளிதழுக்குத் திருச்சுழி வட்டாரச் செய்தியாளன். பகுதி நேரம் என்று பெயர். காலையில் அருப்புக்கோட்டையில் பஸ் ஏறினால் வீடு திரும்பும்போது சட்டைக் காலர் செம்மண் நிறத்தில் இருக்கும். அது எந்தக் கணக்கில் பகுதி நேரமோ. எங்களுடையது தறிக்காரக் குடும்பம், வீட்டுக்குள் பேச்சு தெலுங்கு. ஆனால் தெலுங்கு எழுத்து ஒன்றுகூட எங்களில் யாருக்கும் தெரியாது. மளிகைச் சிட்டை எழுதுவதென்றால்கூட என் மனைவி தெலுங்கில் சொல்ல நான் தமிழில் எழுதுவேன். எழுதுகிற காரியம் எல்லாம் எனக்குத் தமிழில்தான். அதில் மட்டும்தான் நான் கொஞ்சம் கெட்டிக்காரன் என்ற நினைப்பு எனக்கு உண்டு.

கண் கெட ஆரம்பித்தது பஸ் போர்டில்தான் தெரிந்தது. போர்டு இருக்கும், அதில் ஊர்ப் பெயர் இருக்காது. நேராகப் பார்த்தால் நடுவில் சாம்பல் பூசினாற்போல ஒரு வட்டம். ஓரங்களெல்லாம் நன்றாகத் தெரியும். எதிரில் நிற்கும் ஆளின் முகம் இருக்காது, காது இருக்கும். மதுரையில் கண் டாக்டர் எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, போனது திரும்பாது, இருப்பதைக் கொஞ்ச நாள் காப்பாற்றிப் பார்க்கலாம் என்றார். வரும் வழியில் பஸ் கல்குறிச்சி தாண்டியதும் என் மனைவி, "ஆபீஸ்ல சொல்ல வேண்டாம்" என்றாள். தெலுங்கில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பயம் வேலையைப் பற்றித்தான். சம்பளம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் இருபத்தைந்து வருஷமாக ஓர் ஊருக்குள் நான் நுழைந்தால், "பேப்பர்காரர் வந்திருக்காரு" என்று யாராவது நாற்காலி எடுத்துப் போடுவார்கள். அது இல்லாமல் வீட்டில் உட்கார்ந்தால் நான் யார் என்பது எனக்கே தெரியாது. இதை அவளிடம்கூட நான் சொன்னதில்லை. வெட்கமாக இருந்தது.

செய்தி அடிப்பதில்தான் முதலில் மாட்டிக்கொண்டேன். டச் போன் வழவழவென்று ஒரு கண்ணாடி. எந்த எழுத்து எங்கே என்று கண் சொன்னால்தான் விரல் போகும். போனிடம் வாயால் சொல்லி எழுத வைக்கலாமே என்பார்கள். ஓர் அலுவலகத்துக்குள் நின்றுகொண்டு, அந்த அலுவலகத்தில் நாலு மாதமாகக் குடிதண்ணீர் இல்லை என்ற செய்தியை வாய்விட்டுச் சொல்ல முடியுமா? பஸ்ஸில் சொன்னால் பஸ்ஸே நிருபராகிவிடும்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இளவயதில் அருப்புக்கோட்டையில் டைப்ரைட்டிங் படித்தவன் நான். தமிழில் ஹையர் பாஸ். பரீட்சையில் இயந்திரத்தைப் பார்க்காமல் அடித்தவன். எனக்குத் தேவை தொட்டால் தெரிகிற பட்டன்கள்தான், அவை இருந்தால் கண்ணை மூடிக்கொண்டே அடித்துவிடுவேன் என்று முடிவு கட்டினேன். என்னோடு அதே இன்ஸ்டிடியூட்டில் படித்த சிநேகிதன் ஒருவன் இருக்கிறான். வீரசோழன்காரன், இப்போது எதிர்ப் பேப்பரின் செய்தியாளன். என் கண் விஷயம் வெளியில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். அவன்தான் தேடிப் பிடித்து, வெளிநாட்டிலிருந்து வரவழைக்கிற இந்தப் போனைச் சொன்னான். விலையைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தணித்துக்கொண்டான். என் மனைவி மறுபேச்சில்லாமல் ஆவின் பால் சொஸைட்டி சேமிப்பை எடுத்துக் கொடுத்தாள்.

போன் வந்தது. டைப்ரைட்டிங் படித்தவன் மட்டும் செய்யக்கூடிய தப்பைச் செய்திருக்கிறேன் என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. என் ஞாபகம் எட்டு விரல்களில் இருந்தது. இந்தப் போனில் அடிக்க வேண்டியது இரண்டு கட்டைவிரல்கள். டைப்ரைட்டிங்கில் கட்டைவிரலுக்கு இடைவெளிக் கட்டையைத் தவிர ஒரு வேலையும் கிடையாது. எட்டு விரலும் படித்துப் பாஸான பாடத்தை, பள்ளிக்கூடத்துக்கே போகாத இரண்டு பேரிடம் ஒப்படைத்திருந்தேன். போதாக்குறைக்குப் பட்டன்களில் இருந்தது ஆங்கில எழுத்து. அதில் அடித்தால் திரையில் தமிழாக வரும். பட்டன் ஒவ்வொன்றும் உளுந்து அளவு.

நான் லேசில் விடுகிற ஆளில்லை. கறவை மாட்டு விலை வேறு. இரண்டு மாதம் பஸ்ஸிலும் வீட்டு வாசலிலும் உட்கார்ந்து கட்டைவிரல்களுக்குப் பாடம் நடத்தினேன். அடித்ததை வார்த்தை வார்த்தையாகக் காதில் படித்துச் சொல்லும் வசதியை மதுரையில் ஒரு போன் கடைக்காரர் போட்டுக் கொடுத்திருந்தார். மெல்ல மெல்ல வந்தது. ஒருநாள் காரியாபட்டி வரை போகும் பஸ்ஸில் நின்றுகொண்டே இருபது வரிச் செய்தி அடித்து அனுப்பினேன். மறுநாள் பேப்பரில் அது அப்படியே வந்திருந்ததை என் மனைவி படித்துக் காட்டினாள். இருவரும் அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தோம். அதை மறைக்க வேண்டியதில்லை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஓர் ஊருக்கு ஒருவன் போனால் போதும். அவன் சொல்வதைக் கேட்டு மற்ற நாலு பேரும் அவரவர் பேப்பருக்கு அடித்துவிடுவோம். மேலே இருப்பவர்களுக்கு இது தெரியும், தெரியாதது போல இருப்பார்கள். கண் கெட்ட பிறகு நான் பிழைத்தது இந்த வழக்கத்தால்தான். சிநேகிதன் போய்ப் பார்த்துவிட்டுப் போனில் சொல்வான், நான் அடிப்பேன். அதனால் என் செய்திகளில் ஒரு குறையும் வரவில்லை. பட்டன்கள்தான் என்னைக் காப்பாற்றின என்று நான் நம்பிவிட்டேன்.

பரளச்சியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டபோது, சிநேகிதன் தங்கச்சி மகள் கல்யாணத்தில் இருந்தான். "வெள்ளாம பூரா போச்சு சார், ஒருக்கா வந்து பாத்து எழுதுங்க" என்றாள் அந்தப் பெண். நாளைக்கு வருகிறோம் என்று சொல்லியிருக்கலாம். பையில் போன் இருந்தது, இரண்டு மாதப் படிப்பு இருந்தது. தனியாக பஸ் ஏறினேன்.

மானாவாரி மக்காச்சோளக் காடு. வரப்பில் நிறுத்தி, "எப்பிடிக் கெடக்குன்னு பாருங்க" என்றாள். நாற்பது வயதிருக்கும், குரலை வைத்துச் சொல்கிறேன். எனக்குத் தெரிந்தது பழுப்பாக ஒரு பரப்பும் அதன் மேல் வெளுத்த வானமும். பச்சை இருக்க வேண்டிய இடத்தில் பச்சை இல்லை.

"மழை எப்பிடிம்மா?" என்றேன்.

"அது எங்க சார் பேஞ்சுச்சு. அதுலயும் தாக்குப்பிடிச்சுல்ல நின்னுச்சு. நின்னதும் போச்சு."

அந்தக் கடைசி வார்த்தையில் நான் நின்றிருக்க வேண்டும். என்ன ஆச்சு என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். ஆனால் கண்ணெதிரே கிடப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவன் அதைக் கேட்பானா? கேட்டால் என் கண் விஷயம் வெளிப்பட்டுவிடும் என்று பயந்தேன். பெயர், ஏக்கர், விதைப்புச் செலவு எல்லாம் கேட்டுக்கொண்டு, வரப்பிலேயே நின்று போனை எடுத்தேன். மழையின்றிக் கருகிய மக்காச்சோளம், விவசாயி வேதனை. கட்டைவிரல்கள் ஓடின. காதில் படிக்கக் கேட்டேன், ஒரு பிழை இல்லை. அவள், "இம்புட்டு வெரசா அடிக்கிறீகளே சார்" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. படமும் எடுத்து அனுப்பினேன்; அதில் முக்கால்வாசி வானம்தான் என்பதால் படத்தை விட்டுவிட்டுச் செய்தியை மட்டும் போட்டார்கள்.

பேப்பர் வந்த அன்று, கல்யாணம் முடிந்து வரும் வழியில் அந்தக் காட்டைப் பார்த்துவிட்டுச் சிநேகிதன் கூப்பிட்டான். "ஏலே, பன்னி அழிச்ச காட்டப் போயி காஞ்சு போச்சுன்னு போட்டுருக்க?"

"பன்னியா?" என்றேன்.

"தட்டை பூராம் முறிச்சுப் போட்டு, மண்ணக் கிண்டி வச்சுருக்கு. நீ அங்கதானலே நின்ன?"

அன்று மத்தியானமே அவன் வண்டியில் பரளச்சிக்குப் போனோம். அந்தப் பெண் வீட்டு வாசலில் இருந்தாள். காட்டுப்பன்றி அழித்ததற்கு நிவாரணம் கேட்டு மனுவோடு ஓர் அலுவலகத்துக்குப் போய்விட்டு வந்திருந்தாள். அங்கே மேசையில் எங்கள் பேப்பர் கிடந்திருக்கிறது. "பேப்பர்காரரு நேர்ல வந்து பாத்துட்டு மழையில்லாமக் காஞ்சதுன்னு எழுதிருக்காரு, நீ பன்னிங்கிறயேன்னு கேட்டாக சார். நான் என்னத்தச் சொல்ல?" அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் ஏதாவது சமாளித்திருப்பேன்.

"எனக்குக் கண்ணு தெரியாதும்மா" என்றேன். வீட்டாரையும் சிநேகிதனையும் தவிர வேறு ஆளிடம் நான் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவள் என் முகத்தைப் பார்த்தாளா, வேறு எங்காவது பார்த்தாளா என்று எனக்குத் தெரியாது. பிறகு கேட்டாள்: "அப்பறம் எதுக்கு சார் வந்தீக?"

இரண்டு வக்கீல்களுக்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கும் பதில் சொன்னவன், அங்கேயே நின்று திருத்தம் அடித்து அனுப்பினேன். அது எங்கள் பேப்பரில் வரவில்லை. சிநேகிதன் பன்றி என்று தெளிவாக எழுதி அவன் பேப்பரில் போட்டான். அந்த அலுவலகத்தில் அவன் பேப்பர் வாங்குவதில்லையாம். அவளுக்கு நிவாரணம் கிடைக்கவில்லை. அந்த மாதக் கடைசியில் நானே ஆபீஸுக்கு எழுதி விலகிக்கொண்டேன். அதையும் இந்தப் போனில்தான் அடித்தேன்.

தகுமா என்று கேட்டால், தகும். சொன்னதையெல்லாம் அது செய்கிறது. பட்டன்கள் ஒன்றுகூடத் தேயவில்லை. இப்போது அதில் மளிகைச் சிட்டை அடிக்கிறேன். அவள் அடுப்படியிலிருந்து தெலுங்கில் சொல்லச் சொல்ல நான் தமிழில் அடித்து அவள் போனுக்கு அனுப்புகிறேன்: துவரம்பருப்பு, கடலெண்ணெய், வத்தல். போன வாரம் அவள் கடைக்குப் போய், சொன்ன சாமான் அத்தனையையும் வாங்கி வந்து வைத்தாள். அதன் பிறகுதான் கவனித்தேன், நான் அனுப்பிய சிட்டையோடு அவள் போன் காலையிலிருந்து என் பக்கத்து நாற்காலியிலேயே கிடந்தது.