சிலுவையின் தொந்தியும் நாற்பது நாள் ஒருசந்தியும்

என் அப்பா சிலுவைக்குத் தூத்துக்குடிக் கடற்கரையில் ஒரே ஒரு பெருமை உண்டு. அது அவருடைய தொந்தி. சங்கு குளிக்கும் வள்ளத்தில் அவர் கயிறு பிடிப்பவர். கீழே ரோச் மாமா மூச்சடக்கிச் சங்கு எடுப்பார். கயிறு அசைந்ததும் அப்பா காலை உதைத்துக்கொண்டு இழுப்பார், மாமா மேலே வந்துவிடுவார். "நங்கூரம் ஒல்லியா இருந்தா வள்ளம் நிக்குமாலே?" என்று வயிற்றைத் தட்டிக் கேட்பார்.

உலக யுத்தம் முடிந்த மறுவருடம், அந்த உதைக்கிற காலைச் சிப்பி கீறியது. புண் இரண்டு மாதமாகியும் ஆறவில்லை. டாக்டர் மூத்திரத்தை நீல மருந்தில் காய்ச்சினார். செங்கல் நிறமானது; சர்க்கரை இருந்தால் நீலம் அப்படி மாறுமாம். நீரிழிவு என்று இன்சுலின் ஊசி போட்டார். நிறம் மாறவில்லை. இரண்டு மடங்கு போட்டார். அப்போதும் செங்கல்தான்.

"எலும்பும் தோலுமா ஒரு பையன் வாரான். அவனுக்கு இதுல கால்வாசி போதும். உமக்கு மருந்து உள்ள போகுது, வேலை செய்யல. குண்டா இருக்கவங்க நிறையப் பேருக்கு இப்படித்தான். ஏன்னு எங்களுக்கே முழுசாத் தெரியாது. ஆனா அந்தத் தொந்தி சும்மா கிடக்கல வே, மருந்தைத் தடுக்குது. அதைக் குறைச்சிரும். இல்லன்னா காலை எடுக்கணும்," என்றார் டாக்டர்.

அப்பா வெளியே வந்ததும் சொன்னார்: "தொந்தி இருக்கது வயித்துல, புண்ணு இருக்கது கால்ல. இந்த டாக்டருக்கு வழியே தெரியல ஏளா."

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மருந்தின் கணக்கு எனக்கும் புரியவில்லை. காலை எடுப்பது புரிந்தது. இனிப்பை வெறுக்கட்டும் என்று அவருடைய கருப்பட்டிக் காப்பியில், காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொயினாத் தூளைக் கலந்து கொடுத்தேன். முழுவதும் குடித்துவிட்டு, "கசக்குதே, இன்னொரு கட்டி போடு" என்றார்.

ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களான தபசு காலம் வந்தது. டாக்டருக்காகக் குறைக்காத சோற்றைச் சாமிக்காகக் குறைத்தார். நாற்பது நாளும் ஒருசந்தி, மத்தியானம் ஒருவேளை கஞ்சியும் துவையலும். கால் ஆறினால் ஈஸ்டர் பாஸ்கு அன்று தெருவுக்கே அசன விருந்து போடுவதாக மாதாவுக்கு நேர்ந்துகொண்டார். வேட்டி ஒரு சுற்றுக் கூடுதலாகச் சுற்றியது. செங்கல் பச்சையானது, பிறகு நீலமானது. டாக்டர் ஊசியைப் பாதியாக்கினார். புண் வாய் மூடியது.

"மாதா குடுத்த சுகம்."

"பட்டினி குடுத்த சுகம்ப்பா. தொந்தி கரைஞ்சிது, மருந்து கேட்டுச்சு."

"பட்டினி கிடந்தா சுகம் வரும்னா, ஊர்ல பாதிப் பேருக்கு நோயே இருக்கக்கூடாது."

எனக்கு எரிச்சல்தான் வந்தது.

நேர்ந்தவரே சாப்பிடாவிட்டால் மாதா கோபிப்பாராம். அசனத்தில் மூன்று பந்தி உட்கார்ந்தார். அவருடைய நன்றி ஒரு நாளில் தீரவில்லை. ஊசிக்கும் போகவில்லை. ஒரு மாதத்தில் வேட்டி பழைய அளவுக்கு வந்தது. ஒருநாள் வள்ளத்தில் காலை உதைத்தபோது புண் பிளந்தது, கயிறு கையை விட்டு நழுவியது. ரோச் மாமா மூச்சு முட்டித் தானே நீந்தி மேலே வந்தார். மறுநாள் வேறு ஆளைக் கூட்டிப் போனார். அதற்குத்தான் அப்பா அழுதார்.

"வருஷம் முழுக்கத் தபசு காலம்னு வச்சிக்கிடும்," என்றார் டாக்டர்.

"ஆண்டவரே நாப்பது நாளுதான இருந்தாரு."

"ஆண்டவருக்கு நீரிழிவு இல்ல வே."

தனியாகப் பட்டினி கிடக்க முடியாது என்கிறார் அப்பா. அதனால் எனக்கும் ஒரு நேர்ச்சை இருக்கிறது என்று பொய் சொல்லி, நானும் ஒருசந்தி இருக்கிறேன். இன்று பன்னிரண்டாம் நாள். காலையில் அவர் வயிற்றைக் கயிற்றால் அளந்தேன். ஒரு விரல்கூடக் குறையவில்லை. அவர் வேட்டி மடியில் கருப்பட்டி மிட்டாய்ப் பொட்டலம் இருந்தது. எனக்குத்தான் பாவாடை நழுவுகிறது.