பத்தைக் கழிக்க மறந்தவர்

எங்கள் சபையின் வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் வெல்டர் எழுந்து நின்றால் போதும், யாரும் சொல்லாமலே எல்லோரும் கண்ணை மூடித் தலையைக் குனிந்துகொள்வோம். அவர் ஜெபம் அவ்வளவு நீளம். நடுவில் ஒரு குட்டித் தூக்கம் போட்டு விழித்தாலும் அவர் இன்னும் முன்னுரையிலேயே இருப்பார். ஆள் நல்லவர்தான். யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் முதலில் போய் நிற்பவர் அவர். ஆனால் ஒரு கெட்ட பழக்கம். யார்மேலாவது கோபம் வந்தால் அவர்களிடம் சொல்லமாட்டார். அவர்கள் காதில் விழும்படி ஆண்டவரிடம் சொல்லுவார். "கூட்டத்துக்கு லேட்டா வர்றவங்களுக்கு நல்ல புத்தியக் குடுங்க ஆண்டவரே" என்று ஒருமுறை அவர் ஜெபித்தபோது நான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு திட்டுகிறவருக்கு என்ன பதில் சொல்வது? கடைசியில் ஆமென் வேறு சொல்லித் தொலைக்க வேண்டும்.

அவர் பட்டறைக்கு எதிரேதான் என் சைக்கிள் கடை. பட்டறையில் அவரும் அவர் தம்பியும் இரண்டே பேர். அண்ணன் அளவெடுப்பார், பற்றவைப்பார். தம்பி இரும்பை வெட்டிக் கொடுப்பார். தம்பிக்கும் தலை நரைத்துவிட்டது, ஆனால் அண்ணனுக்கு அவர் இன்னும் "டேய்"தான். அண்ணனிடம் அளவெடுக்கும் பழைய டேப் ஒன்று இருந்தது. அதன் முனைக் கொக்கி என்றைக்கோ உடைந்துபோனது. அதனால் நுனியை விட்டுவிட்டு, பத்து என்ற கோட்டைச் சுவரில் வைத்து அளந்து, வருகிற அளவில் பத்தைக் கழித்துக்கொள்வார். "புது டேப் வாங்குண்ணே" என்று தம்பி எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார். "எனக்குக் கழிக்கத் தெரியாதா?" என்பதே பதில்.

ஒரு வீட்டுக்குக் கேட் செய்தார்கள். கொண்டுபோய் நிறுத்தினால் இரண்டு தூணுக்கும் நடுவில் அது நுழையவில்லை. பத்து சென்டிமீட்டர் அகலம் கூடுதல்.

"நீ சொன்ன அளவுதாண்ணே வெட்டினேன்" என்றார் தம்பி.

"நான் சரியாத்தான் சொன்னேன். உன் காது எங்க இருந்துச்சு?"

வீட்டுக்காரர் முன்னால் தம்பி அதோடு நிறுத்திக்கொண்டார். அண்ணனும் நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை அவர் எழுந்தார். நாங்கள் கண்ணை மூடினோம். "ஆண்டவரே, கவனமில்லாம வேலை செஞ்சு கூடப்பொறந்தவன் தலைய குனிய வைக்கிற என் தம்பிய மன்னியும். அவனோட பெருமைய உடையும்." நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்து பார்த்தேன். தம்பி வெளியே போய்க்கொண்டிருந்தார், பின்னாலேயே அவர் மனைவி. வெல்டர் ஜெபத்தை நிறுத்தவில்லை.

அதன்பிறகு தம்பி பட்டறைக்கு வரவில்லை, சபைக்கும் வரவில்லை. வேறொரு பட்டறையில் சேரப்போவதாகப் பேச்சு வந்தது. வெல்டர் ஒண்டியாகவே எல்லாவற்றையும் செய்தார். நீளக் குழாயின் ஒரு முனையை வெட்டும்போது மறுமுனை தரையில் இழுபட்டது, பிடிக்க ஆளில்லை. தோள்பட்டை வலியில் முகமூடியைத் தூக்கி மாட்டவே அவர் முனகுவது என் கடைவரை கேட்கும். பார்க்கவே அலுப்பாக இருந்தது.

ஒருநாள் ஒரு ஜன்னல் கிரில்லை முடித்துவிட்டு, அதைப் பொருத்தப் போனவர் அப்படியே திருப்பிக்கொண்டு வந்தார். சுவரில் சாய்த்துவைத்துவிட்டு, டேப்பை எடுத்து மறுபடி அளந்தார். நான் தேநீரோடு போனேன்.

"பத்து கூடிப்போச்சு" என்றார்.

"யாரு வெட்டினது?" என்று கேட்டுவிட்டேன். குத்திக்காட்டவேண்டும் என்று கேட்கவில்லை. சத்தியமாக வாய் தவறி வந்ததுதான். அவர் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு இரும்புக் குழாய்மேல் உட்கார்ந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் ஜெபித்ததுபோல் அதற்கு முன் என்றும் ஜெபித்ததில்லை. நான் புழு, நான் தூசி, என் பெருமை என் கண்ணை மறைத்தது என்று குரல் உடைய அழுதார். போதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்தத் தாழ்மை நம்ம எல்லாருக்கும் வேணும்" என்றார். நாலு பேர் வந்து கையைப் பிடித்தார்கள். வெல்டர் லேசான மனதோடு வீட்டுக்குப் போனார்.

அங்கே நடந்ததை அவர் மனைவியே பிறகு என் மனைவியிடம் சொன்னார். நாளெல்லாம் நின்று வேலை செய்துவிட்டு வந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்த அந்த அம்மா கேட்டாராம்: "உங்க தம்பி அங்க இருந்தாரா?"

"இல்ல."

"அப்ப யார்கிட்ட மன்னிப்பு கேட்டீங்க?"

"ஆண்டவர்கிட்டதான்."

"கேட்டை வெட்டிப் பழிய சுமந்தது ஆண்டவரா?"

வெல்டர் சாப்பிடாமல் எழுந்து தம்பி வீட்டுக்குப் போனார். தம்பி கதவைத் திறந்தார், வாங்க என்று சொல்லவில்லை. உள்ளே போய் உட்கார்ந்ததும் வெல்டருக்குத் தெரிந்த ஒரே வழி அதுதானே, "வா, ஒரு ஜெபம் பண்ணிடலாம்" என்று கண்ணை மூடினார்.

"அண்ணே, கண்ணைத் தொற" என்றார் தம்பி. "அவர்கிட்ட நீ அப்புறம் பேசிக்கோ. என்கிட்ட சொல்றத என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. அதுவும் இங்க வேணாம். எல்லார் முன்னாடியும்தானே பேசின, அங்கயே சொல்லு."

அந்த ஒரு வாரம் வெல்டர் பட்டறையைச் சரியாகத் திறக்கவில்லை. ஆண்டவர் முன்னால் புழுவாக நிற்பது அவருக்குக் கடினமாக இருந்ததில்லை. தம்பி முன்னால் தப்பு செய்த அண்ணனாக நிற்க உடம்பில் தெம்பில்லை.

வெள்ளிக்கிழமை தம்பி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். வெல்டர் எழுந்தார். வழக்கம்போல நாங்கள் எல்லோரும் கண்ணை மூடித் தலையைக் குனிந்தோம்.

"யாரும் கண்ணை மூட வேணாம். இது ஜெபம் இல்ல."

நிமிர்ந்தோம். அவர் எங்கள் பக்கம் திரும்பவில்லை, கடைசி வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த கேட்டுக்கு அளவெடுத்தது நான். பத்தக் கழிக்க மறந்தது நான். பழிய உன்மேல போட்டேன். என்னை மன்னிச்சிரு தம்பி." உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான். பழக்கதோஷத்தில் யாரோ ஆமென் என்றார்கள்.

கூட்டம் முடிந்து வாசலில் தம்பி அவர் அருகில் வந்தார். "திங்கக்கிழமையிலிருந்து அந்தப் பட்டறைக்குப் போறேண்ணே. வாக்குக் குடுத்துட்டேன், மாத்த முடியாது."

நான் செருப்பை மாட்டுவதுபோல் அங்கேயே நின்றேன். வெல்டரின் முகத்தில் எல்லாம் வந்து போனது. யார் வளர்த்தது, யார் தொழில் கற்றுக்கொடுத்தது என்று அவரிடம் பேச்சுக்கா பஞ்சம்?

"சரிப்பா" என்றார்.

"அந்த டேப்பத் தூக்கிப் போடு."

"சரி."

இத்தனை வருடத்தில் அவர் தம்பியிடம் 'சரி' என்று சொல்லி நான் கேட்டதில்லை. தம்பியும் கேட்டதில்லை போலிருக்கிறது. கிளம்பப் போனவர் நின்று, அண்ணனின் வலிக்கிற தோளைப் பார்த்து, அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். வெல்டர் எப்போதும்போல் முன்னால் போகவில்லை. தம்பி நடக்கட்டும் என்று காத்திருந்து, பின்னாலேயே மெதுவாகப் போனார்.